மறைந்த கல்லறையும் மறைக்கக் கூடாத உண்மையும்



நற்செய்தியாளராகிய புனித லூக்கா தம் நூலைத் தொடங்கும்போது தியோபில் என்னும் பெருமகனை விளித்துச் சில வரிகள் எழுதுகிறார். தமக்கு முன்னரே பலர் இம்முயற்சியில் ஈடுபட்டதை அவர் மறைக்கவில்லை. கண்ணால் கண்டவர்கள் கையளித்த செய்திகளைத் தொடக்கத்திலிருந்து கருத்தாய் ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தி எழுதுவதாகக் கூறுகிறார். தியோபில் தாம் கேட்டறிந்தவை உறுதியானவை என்று தெளிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பேனாவைக் கையிலெடுக்கும் கிறிஸ்தவர் எவருக்கும் இவ்வரிகள் ஒரு மனச்சான்றுத் தேர்வாகும்.

இதனை நான் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வைத்தவர் திம்புள்ளப் பகுதியைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தோட்டப் பாடசாலைகளிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர். தென்மேற்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பொலித்தீன் உறையில் சுற்றிய நான்கு சீ.ஆர். கொப்பிகளோடு அறைவீட்டின் வாசலில் வந்து நின்றார்.

"பாதர், ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். நம் திருச்சபை வரலாற்றை வைத்து எழுதிய மர்ம நாவல். தைமாதத்தில் அச்சுக்குக் கொடுக்க எண்ணம். நீங்கள் படித்துப் பார்த்து ஓர் அணிந்துரை தரவேண்டும். ஆயரின் அச்சிடும் அனுமதியும் வாங்க வேண்டுமா என்று சொல்லுங்கள்."

மறைக்கல்வி நூல்களுக்கும், பாடநூலாகப் பயன்படும் மறையியல், திருச்சபை வரலாற்று நூல்களுக்கும் திருச்சபைச் சட்டம் அத்தகைய அனுமதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. நாவலுக்கு அது தேவையில்லை என்று விளக்கினேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "ஆனால் மாஸ்டர், சட்டம் கேட்காத இடத்தில் மனச்சான்று கூடுதலாகக் கேட்கும்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எங்கள் உரையாடல் முடிந்துவிடவில்லை. ஆறு மாதங்கள் நீண்டது.

உண்மையே மர்மமாய் அமைந்த வாழ்வு

ஆசிரியர் தெரிந்துகொண்ட பொருள், இலங்கையின் அப்போஸ்தலராகிய புனித யோசேவாஸ் அடிகளாரின் காணாமற்போன கல்லறை. லயத்தில் பிறந்து, கண்டியில் சுவடிக் காப்பகமொன்றில் பணியாற்றும் ஓர் இளைஞன் பழைய கடிதமொன்றைக் காண்கிறான். அதன் வழியே கல்லறையைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் கொலைகள் நிகழ்கின்றன. இதுவே கதை.

பொருளைப் பொறுத்தவரை ஆசிரியரின் தெரிவு மிகச் சிறந்தது. அடிகளாரின் வாழ்வு எவ்விதப் புனைவும் இன்றியே நம்மை மூச்சடக்கிப் படிக்க வைப்பது. 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர் அவர். யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கைக்குச் சென்றபின் கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரணதண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியின்றி, ஒப்புரவு அருட்சாதனமின்றி நம் முன்னோர் வாழ்ந்தனர். இச்செய்தி கோவாவில் இருந்த அடிகளாரின் உள்ளத்தைச் சுட்டது.

1687இல் பிச்சைக்காரக் கோலத்தில், யோவான் என்னும் ஒரே துணையோடு அவர் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது நோயுற்றுச் சாகும் நிலையில் இருந்தார். தேறியெழுந்தபின் கத்தோலிக்கர் யார், ஒற்றர் யார் என்று அறிய வழியில்லை. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எவருடைய கண்கள் கலங்கின, எவருடைய கைகள் நடுங்கின என்பதைக் கூர்ந்து கவனித்தார். துப்பறியும் கதை எழுதுவோர் பலநாள் சிந்தித்தாலும் இத்தகைய தடயத்தைக் கற்பனை செய்தல் அரிது. அப்படித்தான் அவர் சில்லாலை மக்களைக் கண்டடைந்தார்; அவர்கள் நடுவே மறைந்திருந்து இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

பின்னர் புத்தளம் சென்று, 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்னும் குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டார். சிறையையே ஆலயமாக்கினார், சிங்களம் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மன்னரும் மக்களும் நகரை விட்டு விலகிய நாட்களில், தம் மருமகனாகிய குருவானவரோடு தெருவில் கிடந்த நோயாளரைத் தூக்கி வந்து பேணினார். மதம் பார்த்து அவர் மருந்திடவில்லை. பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குத் தம் நாட்டில் தடையின்றி நடமாட உரிமை வழங்கினார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். கிறிஸ்தவ ஆட்சியாளர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னரின் நிழல் கிடைத்தது.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அங்கிருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1740களில் அரசின் மனம் மாறியது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிந்தன. அவற்றோடு அடிகளார் துயிலும் இடமும் மறைந்தது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் காலிமுகத் திடலில் அறிவித்தனர். வணங்குவதற்குப் பீடம் உண்டு. மலர் வைப்பதற்குக் கல்லறை இல்லை.

நாவல் எழுதுவது வீண்வேலையா?

நம் குடும்பங்களில் இன்றும் சிலர் நாவலை வீண்பொழுது என்று ஒதுக்குவதுண்டு. அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். திருகோணமலை இன்னாசித்தம்பி ஊசோன் பாலந்தை கதையை 1891இல் வெளியிட்டு ஈழத்து நாவலின் தொடக்க வரிசையில் இடம்பெற்றார். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வழங்கிய கிறிஸ்தவ வீரக்கதை ஒன்றின் தழுவல் அது. நம் மலையகத்தில் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, 1974இல் காலங்கள் சாவதில்லை என்னும் நாவலைத் தந்து, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களை யார் மறப்பார்? லயத்து வாழ்வை எழுத்தில் நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

மர்மக் கதையும் நமக்கு அந்நியமானதன்று. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் தமக்கு நண்பரான ஒரு குருவானவரை மனத்தில் கொண்டே துப்பறியும் பாதிரியாரான பிரவுன் அடிகளைப் படைத்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனித பாவத்தைக் கேட்டுப் பழகிய குருவே குற்றத்தின் வேரை நன்கறிவார் என்பது அவர் கண்டுகொண்ட உண்மை. விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அருட்தந்தை ரொனால்ட் நொக்ஸ் தாமே துப்பறியும் கதைகள் எழுதினார். 1929இல் அத்தகைய கதைகளுக்கெனப் பத்து விதிகளையும் வகுத்தார். துப்பறிபவர் காணும் தடயத்தை வாசகருக்கு மறைக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மர்மத்தை அவிழ்க்க இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றலைத் துணைக்கு அழைக்கலாகாது என்பது இன்னொன்று.

இவ்விரண்டாவது விதியை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் திகைத்தார். "ஒரு குருவானவரே புதுமை வேண்டாம் என்றா சொன்னார்?" என்று கேட்டார். ஏனெனில் அவருடைய கதையின் இறுதி அத்தியாயத்தில் வானிலிருந்து ஓர் ஒளிக்கதிர் இறங்கிக் கல்லறையைச் சுட்டிக் காட்டுகிறது! கதையில் சிக்கிக்கொண்ட எழுத்தாளரை மீட்பதற்குக் கடவுள் புதுமை செய்வதில்லை என்றேன். முற்காலத்தில், 1634இல் திருத்தந்தை எட்டாம் ஊர்பான் வெளியிட்ட ஆணைக்கு இணங்க, கத்தோலிக்க எழுத்தாளர் தம் நூலின் முகப்பில் ஓர் அறிக்கை வெளியிடுவர். இந்நூலில் கூறப்படும் புதுமைகள் திருச்சபை தீர்ப்பளித்தவை அல்ல, மனித சாட்சியத்தின் அளவிலேயே அவற்றை ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். புதுமையில் நம்பிக்கை இல்லாததால் திருச்சபை அவ்வாறு செய்யவில்லை. புதுமையை மதித்ததால்தான் அதனை மலிவாக்கக் கூடாதென்று கவலைப்பட்டது.

குற்றவாளி யார்?

என்னை உறுத்திய பகுதி வேறொன்று. மர்மக் கதைக்குக் குற்றவாளி வேண்டுமல்லவா? கண்டி அரசவையில் இருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கால்வினிய சபையைச் சார்ந்தவர், அடிகளாரை ஒற்றர் என்று மன்னரிடம் சொன்னார் என்பது வரலாறு. ஆசிரியரின் கதையிலோ அவர் அடிகளாருக்கு மெல்லக் கொல்லும் நஞ்சூட்டிய கொலைகாரராகிவிட்டார்! அடிகளார் உழைப்பாலும் நோயாலும் நைந்து இயற்கையாகவே இறந்தார் என்பதைச் சுட்டினேன்.

"இது கதைதானே பாதர்? அவர் செத்து முந்நூறு வருஷமாகிவிட்டதே" என்றார் ஆசிரியர்.

"மாஸ்டர், பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையில் உயிரோடு இருப்போருக்கு எதிராக மட்டும் என்ற சொல் இல்லையே" என்றேன்.

செத்தவர் எழுந்து வந்து மறுப்பறிக்கை வெளியிட முடியாது. அப்பெயரைத் தாங்கிய குடும்பங்கள் இன்றும் நம் நாட்டில் வாழ்கின்றன. மேலும், நம் தோட்டங்களில் ஒரே லயத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்து சகோதரரும் இந்துச் சகோதரரும் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்கிறார்கள். ஒருவர் வீட்டு மரணத்துக்கு மற்றவர் பாடை கட்டுகிறார். பழைய பகைக்கு இல்லாத நஞ்சைச் சேர்த்து அவர்களிடம் கொடுப்பது எவ்வகையில் நற்செய்திப் பணி?

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோ 1966இல் மௌனம் என்னும் நாவலை வெளியிட்டார். நம் முன்னோர் மறைந்து செபித்த அதே 17ஆம் நூற்றாண்டில், ஜப்பானில் வேதகலாபனைக்கு உள்ளான கிறிஸ்தவர்களின் கதை அது. அதன் நாயகனான குருவுக்கு ஜுசேப்பே கியாரா என்னும் உண்மையான இயேசுசபைக் குருவே முன்மாதிரி. ஆயினும் எண்டோ அவருடைய பெயரைச் சூட்டாமல், ரொட்ரிகஸ் என்னும் கற்பனைப் பெயரைக் கொடுத்தார். நாயகனின் மனப் போராட்டங்களும் உரையாடல்களும் தம் கற்பனை ஆதலால், அவற்றை இறந்துபோன ஒருவர்மேல் அவர் சுமத்தவில்லை.

எச்சரிக்கையான எடுத்துக்காட்டும் உண்டு. டான் பிரவுன் எழுதி 2003இல் வெளிவந்த தி டாவின்சி கோட் நாவல், தான் கூறும் இரகசியச் சங்கம் உண்மையானதென்று முதற் பக்கத்திலேயே அறிவித்தது. அச்சங்கத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்களோ 20ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஒருவர் புனைந்து, பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்ப்பித்த போலிகள். அந்நாவலைத் தழுவிய திரைப்படம் 2006இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. தடை ஒரு திரையை மறைக்கலாம்; ஐயத்தை மறைக்க அதனால் இயலாது. அந்நாட்களில், இயேசுவுக்கு மனைவி இருந்தது மெய்தானா என்று எத்தனை இளைஞர்கள் குருக்களைக் கேட்டார்கள்! அவர்களுள் பலர் அந்நூலைப் படித்ததுகூட இல்லை. கதையென்று சொல்லிக் கதை கூறுவதில் குற்றமில்லை. கதையை வரலாறென்று சத்தியம் செய்வதில்தான் வஞ்சகம் தொடங்குகிறது.

ஆசிரியர் நீண்ட நேரம் பேசவில்லை. பின், "அப்படியானால் எனக்குக் குற்றவாளி இல்லை, கல்லறையும் இல்லை. நாவலில் மிச்சம் என்ன இருக்கிறது பாதர்?" என்று கேட்டார்.

கல் நாட்டாத குழிகள்

அவருடைய மனவேதனையை அப்போது நான் முழுமையாக உணரவில்லை. "கல்லறையைக் கண்டுபிடித்ததாகத்தான் முடிக்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?" என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

"என் பாட்டன் இந்தத் தோட்டத்தில்தான் செத்தார், பாதர். அவரைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. என் ஐயாவுக்குக்கூட எந்த மரத்தடி என்று சரியாகத் தெரியாது. எங்கள் சனத்துக்குக் கல் நாட்டும் வழக்கம் எங்கே இருந்தது? துரைமாருக்குப் பளிங்கில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. நிஜத்தில்தான் முடியவில்லை, கதையிலாவது ஒரு கல்லறையைக் கண்டுபிடித்துக் காட்டுவோமே என்று நினைத்தேன்."

அன்பர்களே, அன்று நான் கொடுக்க எண்ணியிருந்த அறிவுரைகள் என் தொண்டையிலேயே நின்றுவிட்டன. 1820களில் தொடங்கி, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்து மடிந்தவர்கள் மலைச்சரிவுகளில் மண்ணாயினர். 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். அவ்விருநூறு ஆண்டுகளில் பெயர் தெரிந்த கல்லறைகள் எத்தனை?

அன்றிரவு செபிக்கையில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. பிச்சைக்காரக் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்த யோசேவாஸ் அடிகளார் இறப்பிலும் ஏழைகளின் கோலத்தையே ஏற்றிருக்கிறார். கல்லில்லாத குழியில் துயில்வதில் அவர் நம் பாட்டன்மாருக்குத் தோழர். உயிர்ப்பு நாள் காலையில் கல்லறைக்குச் சென்ற பெண்களிடம் வானதூதர் கேட்டதும், உயிரோடிருப்பவரை இறந்தோரிடையே ஏன் தேடுகிறீர்கள் என்பதுதானே? வெற்றுக் கல்லறையே நம் விசுவாசத்தின் தொடக்கம். உலகம் மர்மம் என்று அழைப்பது, விடை தெரிந்தவுடன் முடிந்துபோகும். திருச்சபை மறைபொருள் என்று அழைப்பதோ, நாம் உள்ளே செல்லச் செல்ல ஆழமாகும்.

இவற்றை மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். முடிவை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. எழுதியவர் அவர், முடிவும் அவருடையதே.

மீண்டும் வந்த கொப்பிகள்

தைப்பொங்கலுக்கு மறுநாள் அடிகளாரின் திருநாள். திம்புள்ளயில் வறண்ட குளிர்காற்று வீசி, ஆண்டின் மிகச் சிறந்த தேயிலை கிடைக்கும் காலம் அது. திருநாள் திருப்பலி முடிந்தபின் ஆசிரியர் மீண்டும் வந்தார். இப்போது கொப்பிகள் ஐந்து.

லனரோல் இப்போது வெறும் ஒற்றுச் செய்தி சொன்னவராக, வரலாறு சொல்லும் அளவோடு நிற்கிறார். கொலைகள் அனைத்தும் இன்றைய காலத்துக் கற்பனை மாந்தருக்கு மாற்றப்பட்டுள்ளன. ஒளிக்கதிர் இல்லை. கண்டியில் கல்லறையைத் தேடித் தோற்ற இளைஞன், இறுதி அத்தியாயத்தில் தன் தோட்டத்துக்குத் திரும்புகிறான். தொண்ணூறு வயதுப் பாட்டியொருத்தியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மலையேறுகிறான். அவள் நினைவிலிருந்து ஒவ்வொரு இடமாகக் காட்டிப் பெயர்களைச் சொல்கிறாள். அவன் கொப்பியில் எழுதிக்கொள்கிறான். நாவல் அங்கே முடிகிறது. முன்பக்கத்தில், எவை வரலாறு, எவை தம் கற்பனை என்று ஆசிரியர் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்.

பதிப்புச் செலவுக்கு ஓய்வூதியத்திலிருந்து சேர்த்த பணம் முழுமையாகப் போதவில்லை. முந்நூறு பிரதிகள் மட்டும் அச்சிட எண்ணியிருக்கிறார். அச்சுப்படியைத் திருத்தும் பொறுப்பைப் பேத்தி ஏற்றிருக்கிறாள். நான் அணிந்துரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் திருத்தங்கள் நூலைச் செம்மையாக்கின என்று அவர் பணிவோடு சொன்னார். உண்மை அதுவன்று. பொய்யான கல்லறையை நான் மறுத்தேன். உண்மையான குழிகளைக் காட்டியவர் அவரே.

அன்பான குடும்பங்களே, நாம் எல்லோரும் நாவல் எழுதப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாத ஒரு வரலாறு உண்டு. இவ்வாரம் ஒரு மாலைச் செபத்துக்குப் பின் தொலைக்காட்சியைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். வீட்டில் மூத்தவரை நடுவே அமர்த்துங்கள். பாட்டன் பெயர் என்ன, பாட்டி பெயர் என்ன, தமிழகத்தில் எந்த ஊர், எந்தத் தோட்டத்துக்கு முதலில் வந்தார்கள், எந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார்கள், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். தெரியாததற்கு இடம் விடுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்காதீர்கள். ஆண்டுகளைப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின் அத்தாளை உங்கள் வீட்டு விவிலியத்தினுள் வையுங்கள். சகல ஆன்மாக்கள் திருநாளில் அப்பெயர்களைத் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கலாம்.

எல்லாப் பெயர்களையும் அறிந்த இறைவா, கல்லின்றித் துயிலும் எம் முன்னோரை உமது ஒளியில் சேர்த்தருளும். எழுதுவோரின் கையையும் வாசிப்போரின் உள்ளத்தையும் உண்மையில் நிலைநிறுத்தும். புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.